லைற் பிடித்தவரின் முகம்

மாதத்தில் ஒருநாள் யாழ்ப்பாணப் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், காணாமல் போனவர்களின் தாய்மார் வரிசையாக இருப்பார்கள். எல்லோருடைய மடியிலும் ஒரு படம் இருக்கும். எங்கள் அம்மாவின் மடியில் மட்டும் கைப்பை இருக்கும். அண்ணாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

ஒருமுறை பெரிய கமராவோடு வந்த ஒருவர் அந்த வரிசையைப் படமெடுத்தார். முழங்காலில் நின்று பார்த்தார், எழும்பிப் பார்த்தார், பிறகு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, குறை நினையாதேங்கோ. கொஞ்சம் அங்காலை தள்ளி இருக்கிறியளோ?"

அம்மா எழும்பி, வரிசையின் கடைசிக்கும் அப்பால் போய், மதிலோரமாக இருந்தார். நான் வீதியின் மறுபக்கத்தில் என் கமராவோடு நின்றேன். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரின் கமராவைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. படம் படமாக வரும் வரிசையின் நடுவில் ஒரு வெறும் மடி இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் அதைத்தான் கண்டிருப்பேன். அதுதான் என்னைக் கூடுதலாகச் சுட்டது.

தீவுப் பகுதியில் இருக்கிற எங்கள் ஊர் நாரந்தனைக்குப் பஸ்ஸில் திரும்பி, அம்மா வீட்டுக்கு வந்து, சீலை மாற்றி, குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நீயும் உந்தக் கமராவைத் தூக்கிக்கொண்டு தீவெல்லாம் திரியிறாய். காகம், தோணி, இடிஞ்ச வீடு எண்டு ஒண்டும் விடாமல் எடுக்கிறாய். உன்ரை கொண்ணன்ரை படம் ஒண்டு எனக்குத் தேடித் தர ஏலாதோ?"

அண்ணா போனபோது எனக்கு ஆறு வயது. சமாதான காலம் முடிந்து சண்டை திரும்பத் தொடங்கிய வருடம் அது. அண்ணாவுக்கு இருபத்திரண்டு வயது. கலியாண வீடுகளில் வீடியோ எடுக்கும் ஒருவரோடு சேர்ந்து அவர் லைற் பிடித்துக்கொண்டிருந்தார். கமராக்காரர் எங்கே திரும்புகிறாரோ அங்கே வெளிச்சத்தைப் பிடிப்பதுதான் வேலை. ஒருநாள் லைற்றுக்குப் புது பல்ப் வாங்கவென்று சைக்கிளில் பட்டினத்துக்குப் புறப்பட்டார். தீவைப் பட்டினத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தைத் தாண்டினார் என்று சிலர் சொன்னார்கள், தாண்டவே இல்லை என்று சிலர் சொன்னார்கள். சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த கிழமை மாமா வந்தார். வீட்டிலிருந்த படங்களை எல்லாம் முற்றத்தில் போட்டு, மேலே காவோலையைப் போட்டு எரித்தார். அண்ணா ரியூசன் பெடியங்களோடு நின்று எடுத்த படங்கள் சில இருந்தன. அந்தப் பெடியங்களில் யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீடு சோதிக்க வருகிறவர்கள் ஒரு படத்தைக் கண்டால் அதில் நிற்கிற அத்தனை பேரையும் தேடுவார்கள் என்ற பயம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டு அல்பங்கள் இப்படித்தான் சாம்பலாயின. மாமாவுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லை. அண்ணா சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை எடுத்த படமும் அதோடு போனது. அம்மா மாமாவை ஒருநாளும் ஏசியதில்லை. ஆனால் அவர் வந்தால் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவார்.

அடையாள அட்டை அண்ணாவோடு போனது. பள்ளிக்கூடத்திலும் அரசாங்கக் கந்தோரிலும் கேட்டுப் பார்த்தோம். இடம்பெயர்வில் தொலைந்தது, கறையான் அரித்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

எனக்கு அண்ணாவின் முகம் ஞாபகம் இல்லை. இதை வெளியில் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கும். அவர் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். பாரில் இருக்கிற பிள்ளைக்கு முன்னால் போகிற ரோட்டுத்தான் தெரியும், ஓடுகிறவரின் முகம் தெரியாது. குனிந்தால் அவருடைய நாடி என் உச்சியில் இடிக்கும். லைற்றில் சூடுபட்டுக் கறுத்த விரல்கள் பிரேக்கைப் பிடித்திருக்கும். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. கண்ணை மூடினால் அவர் போட்டுத் திரிந்த ஒரு நீலச் சேட்டு வரும், சேட்டுக்கு மேலே ஒன்றும் இருக்காது. சின்ன வயதில் அந்தச் சேட்டு கிணற்றடியிலும் வேலியோரத்திலும் நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றும். நான் குழறிக்கொண்டு ஓடுவேன். சொந்த அண்ணாவுக்கே பயந்த பிள்ளை நான்.

கமரா என் கைக்கு வந்தது பெரியம்மாவின் மகள் கனடாவில் புதிது வாங்கியபடியால். பழையது எனக்கு வந்து சேர்ந்தது. அப்போது நான் ஊர்காவற்றுறையில் கணக்கு ரீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் பாடுவேன். இடையில் கவிதையும் எழுதினேன். ஒரு வாரப் பத்திரிகை ஒன்றே ஒன்றைப் போட்டது, அதிலும் கடைசி இரண்டு வரியை வெட்டிவிட்டுப் போட்டது. பிள்ளைகளின் கொப்பி திருத்துவது ஒரு கையில், பாட்டுப் பயிற்சி மறுகையில், கமரா கழுத்தில். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று அம்மா நக்கலடிப்பார். பாடகர் குழுத் தலைவியும் நான் பிந்திப் போகும்போதெல்லாம் அதையே வேறு சொற்களில் சொல்வார்.

தச்சனுக்கு மரம் வெட்ட வராததற்கு வேறு காரணங்களும் இருந்தன. மாரி வந்ததும் லென்சுக்குள் பூஞ்சணம் பிடித்தது. ஈரத்தை அரிசி இழுக்கும் என்று கேள்விப்பட்ட அம்மா, நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் கமராவை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டார். ஈரம் போனதோ தெரியாது, தவிடு உள்ளே போனது. திருத்துகிறவர் அதைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார், கமராவை ஒருமுறை பார்த்தார். குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு வள்ளத்துக்கு நின்ற சனத்தைப் படமெடுத்தபோது சீருடைக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார், அழித்தேன். புங்குடுதீவின் ஆளில்லாத வீடுகளை ஒரு வருடம் அலைந்து எடுத்துப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினேன். இடிந்த வீடு எடுக்காதவர் யார், இதில் ஆள் எங்கே என்று நடுவர் கேட்டாராம். அன்றைக்கு அழுதேன். அவர் கேட்டது சரி என்றுதான் அழுதேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டு கேட்டதற்குப் பிறகு, ஆளைத் தேடத் தொடங்கினேன்.

அண்ணா போன கலியாண வீடுகள் எத்தனையோ இருந்திருக்கும். சமாதான காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைகளும் பொம்பிளைகளும் வந்து குவிந்தார்கள். எந்தக் கலியாணமும் வீடியோ இல்லாமல் நடக்கவில்லை. ஒன்றிலாவது அண்ணா கமராவுக்கு முன்னால் வந்திருக்கமாட்டாரா? ஊர் முகநூல் குழுவில் எழுதினேன். அந்த வீடியோக்காரர் இப்போது பிரான்ஸில் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அவரே தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அவன் கமராவுக்கு முன்னாலை வரமாட்டான். வந்தால் நான் ஏசுவன். லைற் பிடிக்கிறவன் படத்திலை விழக்கூடாது, அதுதான் தொழில். நல்லாப் பழகிட்டான்."

"உங்களிட்டைப் பழைய கசற் ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"அதுக்கு மேலைதான் அடுத்த கலியாணம் எடுக்கிறது, பிள்ளை. ஒண்டும் இல்லை."

லைனில் பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஆனால் சனம் வீடியோ அனுப்பியது. இலண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும், முன்பின் தெரியாதவர்கள் அவர் எடுத்துக்கொடுத்த தங்கள் கலியாணத்தை எனக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோற்றுக் கோப்பையோடு கணினிக்கு முன்னால் இருந்து, யாரோ தாலி கட்டுவதையும் யாரோ அறுகரிசி போடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். மணவறையில் நிற்கிற பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. சிரிக்கிறார்கள், பல்லில் பாக்குத் தெரிகிறது. வீடு முழுக்க அவர்களுடைய நாதஸ்வரம். அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, ஒவ்வொரு நாளும் கலியாணம் நடக்குது, மாப்பிள்ளையைத்தான் காணேல்லை" என்பார்.

அண்ணா எதிலும் இல்லை. ஆனால் அவர் எல்லாவற்றிலும் நின்றுகொண்டிருந்தார். படம் எடுக்கப் பழகியவளுக்கு அது தெரியும். ஒரு முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லலாம். அண்ணா பொம்பிளைக்கு இடப்பக்கமாக, கொஞ்சம் உயரத்தில் பிடிப்பார். வயது போனவர்கள் வந்தால் லைற்றைச் சற்று விலக்குவார், சுருக்கம் தெரியாது. சடங்கு நீண்டுகொண்டே போனால் வெளிச்சம் மெல்ல மெல்லச் சரியும், கை உளைகிறது என்று விளங்கும். பிறகு திடுக்கிட்டு மேலே ஏறும், ஏச்சு விழுந்திருக்கிறது. ஒரு வீடியோவில் மஞ்சள் தாவணி போட்ட ஒரு பெட்டை வாசலால் போகிறாள். மணமக்களில் இருந்த வெளிச்சம் ஒரு கணம் அவளோடு போய்விட்டுத் திரும்புகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய, முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மாதங்களில் என் படங்களும் மாறின. நான் இடிந்த வீடுகளை விட்டுவிட்டு ஆட்களை எடுக்கத் தொடங்கினேன். கருவாடு காயவைக்கும் ஒரு பெண்ணை யன்னலோரம் இருத்தி எடுத்த படத்தைப் பட்டினத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். வெளிச்சத்தை இப்படி வைக்க யாரிடம் பழகினீர் என்று ஒருவர் கேட்டார். அண்ணாவிடம் என்று சொன்னேன். அவரும் படம் எடுக்கிறவரோ என்று கேட்டார். வெளியே வந்துவிட்டேன். அம்மாவுக்குக் கொடுக்க இன்னும் ஒரு படமும் இல்லை.

புங்குடுதீவிலிருந்து ஒரு அக்கா அழைத்தபோது நான் தேடலைக் கைவிடுகிற நிலையில் இருந்தேன்.

"என்ரை கலியாணக் கசற் ஒண்டு கிடக்கு. அவர் வெளிநாடு திரும்பிற அவசரத்திலை வெட்டித் திருத்தாமல் அப்பிடியே வாங்கினவர். நீர் விரும்பினால் வந்து பாரும்."

கசற் ஓட்டுகிற பழைய டெக் ஒன்றைப் பட்டினத்தில் தேடிப் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பெரிய கல்வீடு. அதில் அந்த அக்கா மட்டும் இருந்தார். கூப்பிடுவதாகச் சொல்லிப் போன மாப்பிள்ளை இரண்டு வருடம் கடிதம் போட்டு, பிறகு அதையும் விட்டுவிட்டாராம். அலுமாரியில் இருந்து கசற்றை எடுத்துத் தந்தார்.

"நான் ஒருநாளும் போட்டுப் பாக்கேல்லை. நீர் பாரும். எனக்கு அடுப்பிலை வேலை கிடக்கு."

திரையில் படம் கோடு கோடாக ஓடியது. தாலி கட்டு முடிந்தது, படம் எடுப்பு முடிந்தது. கமராக்காரர் கமராவை ஒரு கதிரையில் வைத்துவிட்டு நிற்பாட்ட மறந்து போய்விட்டார். வெட்டித் திருத்துகிறவர் முதலில் எறிகிற துண்டு அது. தரை தெரிகிறது, வேட்டிக் கரைகள் போகின்றன வருகின்றன. பிறகு, எதிரே யன்னலடியில் ஒருவர் வந்து இருந்தார். தோளில் லைற் வயர் சுற்றியிருந்தது. கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினார். "டேய், கெதியா முடிச்சிட்டு லைற்றை எடு" என்று ஒரு குரல். அவர் நிமிர்ந்தார்.

நான் எதிர்பார்த்தது ஒன்றும் நடக்கவில்லை. காது கொஞ்சம் விலகிய, மீசை சரியாக அரும்பாத ஒரு பெடியன். எங்கள் ரியூசன் ஒழுங்கையில் சைக்கிளோடு நிற்கிற யாராகவும் இருக்கலாம். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. என் அண்ணா என்னைவிட இளையவராக இருந்தார். அது விளங்கியபோதுதான் நான் திரைக்குக் கிட்டப் போனேன். அவர் கமராவின் சிவப்பு லைற்றைக் கண்டுபிடித்தார், சிரித்தார், எழும்பி நேரே என்னிடம் வந்தார். உள்ளங்கை திரை முழுக்க வந்தது. அதோடு துண்டு முடிந்தது.

கசற் சத்தம் ஓய்ந்ததும் அக்கா அகப்பையோடு வாசலில் வந்து நின்றார். திருப்பி ஓடவிட்டேன்.

"உவரோ கொண்ணன்? எனக்கு லைற் பிடிக்கேக்கை கண் கூசுதோ எண்டு கேட்டவர். அண்டைக்கு என்னட்டை ஒண்டு கேட்ட ஒரே ஆள் உவர்தான்."

அந்தத் துண்டிலிருந்து ஒரு படத்தைப் பிரித்தெடுக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கோடுகளை அழித்தேன். கூட அழித்தால் முகம் மெழுகாகிவிடும், விட்டால் கீறலாக நிற்கும். பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை, கொப்பிகள் திருத்தாமல் கிடந்தன. கடைசியில் அவர் நிமிர்ந்து பார்க்கிற அந்தக் கணம், யன்னல் வெளிச்சத்தில், ஓரளவு துப்பரவாக வந்தது. சட்டம் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அம்மா வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஓம். அவன்தான்."

பிறகு விரலால் படத்தில் அவர் மடியில் இருந்த சாப்பாட்டுக் கோப்பையைத் தொட்டார்.

"கலியாண வீடெண்டால் கத்தரிக்காய்க் குழம்பாத்தான் இருக்கும். அவனுக்குக் கண்ணிலை காட்டேலாது. பசியிலை தின்னுறான் பார்."

அடுத்த முறை அம்மா வரிசையின் நடுவில் இருந்தார். மடியில் அண்ணா இருந்தார். நான் மறுபக்கத்தில் நின்று அம்மாவை எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று கமராவில் பார்க்கும்போதே தெரிந்தது, பெருமையாகக்கூட இருந்தது. அப்போது ஒலிவாங்கியோடு ஒரு இளம் பெண் வரிசையாக வந்து, அம்மாவுக்கு முன்னால் குந்தினாள். சின்னப் பிள்ளை, மரியாதையான பிள்ளை.

"அம்மா, இது உங்கடை பேரனோ?"

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"மகன்."

அவள் பதறி மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்று அம்மா அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தார். அவள் போன பிறகு படத்தை மடியில் குப்புற வைத்தார். முடியும்வரைக்கும் திருப்பவில்லை.

பஸ் பண்ணைப் பாலத்தில் போகும்போது சொன்னார்.

"அந்தப் பிள்ளையிலை பிழையில்லை. இவன் எனக்குப் பேரன் மாதிரித்தான். நான் தேடுறவனுக்கு இப்ப நாப்பது தாண்டியிட்டுது. முன்தலை கொட்டியிருக்கும், கொப்பருக்குக் கொட்டின மாதிரி. வயிறும் கொஞ்சம் வைச்சிருக்கும்."

எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள் ஏறினால் அம்மா அவரை ஏற இறங்கப் பார்ப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும், அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அம்மாவை இடித்தும் இருக்கிறேன். அந்த வரிசையில் மற்றத் தாய்மாரின் பிள்ளைகள் எல்லாம் படத்தில் நின்ற வயதிலேயே நின்றார்கள். படம் இல்லாத எங்கள் அம்மா மட்டும் தன் பிள்ளையை வருடம் வருடமாக வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். நரை போட்டு, தொந்தி வைத்து, கண்ணாடியும் போட்டுவிட்டாரோ என்னவோ. நான் கொண்டுவந்து கொடுத்தது அவருக்குத் தெரியாத ஒரு சின்னப் பெடியனை.

அடுத்த மாதம் அந்த நாள் வந்தது. அம்மா விடிய எழும்பிக் குளித்து, வழக்கமான சாம்பல் நிறச் சீலையை உடுத்து, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சட்டம் போட்ட படம் என் மேசையில், கொப்பிகளுக்கு மேலே இருந்தது.

"அம்மா, படத்தை விட்டிட்டுப் போறியள்."

"விட்டிட்டுத்தான் போறன்."

"வெறும் கையோடை இருந்தால் திரும்பவும் எழுப்பி விடுவினம்."

"எழுப்பினால் தள்ளி இருக்கிறன்." செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "எனக்கு அவனைத் தெரியும், பிள்ளை. உனக்குத்தான் ஆளைத் தெரியாது. அதை நீ வைச்சிரு."

படலை சாத்தும் சத்தம் கேட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணாவுக்கு முன்னால் இருந்தேன்.